டாக்டரம்மா காரின் நாலாவது தகடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. உத்திரமேரூரில் ஐந்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம், கழற்றிய கார் சாமான்களில் ஒட்டுவதற்காகக் காகித டேப்பின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதிய சீட்டுகள்தான். பின் சீட்டு, இடது கதவு அட்டை, டிக்கி கம்பளம், இப்படி. ஞாபகமும் முன்போல இல்லை, ஒன்றைச் சொல்லும்போதே இன்னொன்று நழுவிவிடுகிறது. முன்னே பின்னே வந்தால் படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது எங்கள் ஷெட்டில் மேற்பார்வை பார்க்கும் ரேவதி, புதிதாகச் சேருகிறவர்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறாள். பழைய ஆட்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம். என்னைப் பற்றிய பக்கத்தை அவளே எழுதி, "சரியா கீதான்னு பாத்துக் குடுக்கா" என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில், பெயிண்டர் ஒருவர் அசட்டையாக விட்டுப்போன தப்பை நான் கண்டுபிடித்து, கார் ஓட்டிய டாக்டரம்மாவின் காலைக் காப்பாற்றினேன் என்று இருந்தது. என் கடைசி வேலை நாளில் ஷெட்டை நடத்திய எட்வின் சாரும் மைக்கில் இதைத்தான் சொன்னார். நான் கழுத்தில் மாலையோடு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தப் பக்கம் தப்பு. அந்தப் பெயிண்டருக்குப் பேர் உண்டு, தில்லிபாபு. அவன் எதையும் விட்டுப்போகவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். வேலை இன்னதென்று தெரிந்தால்தான் தப்பு இன்னதென்று புரியும். அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில், ஓட்டம் நின்றுபோன ஒரு அரிசி மில்லை வாடகைக்கு எடுத்துத்தான் எங்கள் ஷெட் ஆரம்பித்தது. நான் நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். காற்று அடித்தால் சுவர் இடுக்கிலிருந்து பழைய உமி கொட்டும். பெருக்கப் பெருக்கத் தீராது.

அங்கே வருவதெல்லாம் சின்ன கார்கள். பார்த்தால் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருக்கிற இன்ஜின் அந்த உடம்புக்குப் பெரியது. வேகத்தில் ஆசை உள்ளவர்கள் அதை எங்களிடம் விடுவார்கள். ரேஸ் டிராக்கில் ஓடுவதற்குத் தேவை இல்லாததையெல்லாம் கழற்றி, காரை இளைக்க வைப்பது எங்கள் வேலை. சீட்டு, கம்பளம், கதவு அட்டை, பாட்டுப் பெட்டி, ஏசி எல்லாம் போகும். கண்ணாடி போய் பிளாஸ்டிக் வரும். கார் புரண்டால் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு கட்டுவார்கள். வெயிட் குறைந்தால் கார் சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும், வளைவில் வெளியே இழுக்காது. ரோட்டில் ஓட்ட அதற்கப்புறம் லாயக்கில்லை.

நான் ஆள் குள்ளம், ஒல்லி. டாஷ்போர்டுக்கு அடியில் ஆம்பளைகள் தலையை நுழைக்க முடியாமல் திட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உள்ள பூந்து அந்த நட்ட கழட்டும்மா" என்றார்கள். அப்படி உள்ளே போனவள்தான். பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர்களைத் தொட்டே அடையாளம் தெரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆனது. துடைப்பம் வேறு ஆளுக்குப் போனது.

ரொம்ப நாள் என் கையில் இருந்தது தார் எடுக்கிற வேலை. சத்தம் கேட்காமல் இருக்க, கம்பளத்துக்கு அடியில் தரையெல்லாம் தார் அட்டை ஒட்டித்தான் கார் வரும். முதலில் சூட்டுக் காற்று அடித்துச் சுரண்டுவோம். கை, புடவை, தலைமயிர் எல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடும். அப்புறம் சென்னையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் புகை விடுகிற ஐஸ் வரவழைத்தார்கள். அதை ஒரு துணியில் கட்டித் தார் மேல் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மரச் சுத்தியால் தட்டினால், கடலை மிட்டாய் மாதிரி பொடிப் பொடியாக உடைந்து வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டும். வெறும் கையால் தொட்டால் நெருப்பு சுட்ட மாதிரி தோல் உரியும். புதுப் பிள்ளைகள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

எட்வின் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷெட்டுக்கு அவர்தான் தலை. ரேஸ் காரோடேயே தலை நரைத்தவர். குரலை உயர்த்த மாட்டார். சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச் லைட்டு, காதில் ஒரு சாக்பீஸ். கழற்றிய எந்தச் சாமானையும் மில்லின் பழைய தராசில் ஏற்றுவதற்கு முன்னால் அவரிடம் காட்ட வேண்டும். அவர் ஒரே கேள்விதான் கேட்பார்.

"இது இன்னா வேல பாத்துக்கினு இருந்துச்சு?"

தெரியாது என்றால் அது தராசில் ஏறாது. தெரிந்துகொண்டு வரவேண்டும். தெரியும் என்றால் அடுத்த கேள்வி. "அந்த வேலய இனிமே யாரு பாக்கப் போறா?" யாரும் பார்க்க வேண்டாம் என்றால் சரி. பார்க்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு வழி செய்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

தராசிலிருந்து இறங்கிய சாமான் நேரே மூட்டைக்குப் போகாது. ஷெட் தரையில் சாக்பீஸால் கார் அளவுக்கு ஒரு கோடு போட்டிருப்பார். அதற்குள் சாமான் காரில் எங்கே இருந்ததோ அந்த இடத்தில் வைக்க வேண்டும். முன் சீட்டு இருந்த இடத்தில் முன் சீட்டு, ஏசி டப்பா இருந்த இடத்தில் ஏசி டப்பா. ஒரு பக்கம் காலிக் கார் நிற்கும், பக்கத்தில் அதன் வயிற்றில் இருந்ததெல்லாம் தரையில் கார் மாதிரியே கிடக்கும். அந்தக் கார் டிராக்குக்குப் போன பிறகுதான் கட்டி மூட்டை போடுவோம்.

இத்தனை வருஷத்தில் யாரையும் அவர் நல்லா பண்ணே என்று சொல்லி நான் கேட்டதில்லை. வேலையைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், "அடுத்தது" என்பார். அவ்வளவுதான்.

டாக்டரம்மா சென்னையில் பல் டாக்டர். தினம் கிளினிக்குக்குப் போய்வந்த சிவப்புக் காரையே கொண்டுவந்து விட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயோ, கோழிய உரிக்கிற மாதிரி உரிச்சு வெச்சிருக்கீங்களே!"

"இன்னும் ஒரு அஞ்சு கிலோ கொறைக்கணும் டாக்டரம்மா," என்றார் எட்வின் சார். "நீங்க மனசு வெச்சா எங்களுக்கு வேல மிச்சம்."

"வாயைத் தெறங்க சார், உங்க பல்லையெல்லாம் எடுத்துட்டா எவ்ளோ கொறையுதுன்னு பாப்போம்."

காருக்குள் தார் தட்டிக்கொண்டிருந்த நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். அவர் குனிந்து பார்த்து, "உள்ள யாரோ இருக்காங்க!" என்றார். பெண் ஒருத்தி இந்த வேலை செய்கிறாள் என்று அவருக்குச் சந்தோஷம். என் பேரைக் கேட்டார். எனக்கு வெட்கம், தில்லிதான் பதில் சொன்னான். "பச்சையக்கா, மேடம். அது பேசாது, தட்டும்."

தில்லி அப்போது முப்பத்தைந்து வயது ஆள், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். பெயிண்டில் கெட்டிக்காரன். பெயிண்ட் படக்கூடாத இடத்தில் டேப் ஒட்டுவதும், பெயிண்ட் காய்ந்ததும் அதைப் பிரிப்பதும் பெயிண்டர் வேலை. எத்தனை இடத்தில் ஒட்டினான் என்று எண்ணி வைத்துக்கொண்டு, அத்தனையையும் பிரிப்பான்.

இப்போது தகட்டுக்கு வருகிறேன்.

இன்ஜினுக்கும் ஓட்டுகிறவர் காலுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் உண்டு. ஃபயர்வால் என்பார்கள். ஏசி குழாய்கள் அதைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே வரும். ஏசியை எடுத்தால் ஓட்டைகள் வாய் திறந்து நிற்கும். இன்ஜின் பக்கம் தீப்பிடித்தாலோ, கொதிக்கிற எண்ணெய் பீய்ச்சினாலோ அந்த ஓட்டை வழியாக நேரே கால்மேல்தான் வரும். அதனால் ஒவ்வொரு ஓட்டைக்கும் அலுமினியத் தகடு வெட்டி ரிவிட் அடித்து மூட வேண்டும். டாக்டரம்மா காரில் நாலு ஓட்டை. மூடுகிற வேலை என்னுடையது.

மூன்று தகடு அடித்துவிட்டேன். நாலாவது சரியாக உட்காரவில்லை, ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். அன்றைக்குத்தான் பெயிண்ட் அடிக்கிற நாள். எனக்கோ மதியம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். புள்ளலூரில் தம்பி மகளுக்கு மஞ்சள் நீராட்டு, இரண்டு நாள் லீவு சொல்லியிருந்தேன். தில்லி இன்னும் வரவில்லை, எட்வின் சார் வெளியே போயிருந்தார். பெயிண்ட் ஓட்டை வழியாக இன்ஜின் பக்கம் போய்விடக் கூடாதே என்று, அகல டேப்பை எடுத்து ஓட்டைமேல் குறுக்கும் நெடுக்குமாக மூன்று வரிசை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தேன். வந்து பிரித்துவிட்டுத் தகட்டை அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தகட்டைத் தரையில் ஏசி டப்பாவுக்கு அடியில் செருகி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம். எழுதவில்லை.

திரும்பி வந்தபோது காரின் உள்ளே சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருந்தது. இரண்டு கை பெயிண்ட் அடித்ததில் டேப் எது, தகரம் எது என்று தெரியவில்லை. ஒட்டிய எனக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் அந்தக் காருக்குள்ளேயே வேலை செய்தேன். அந்த இடத்தைத் தினமும் பார்த்தேன். மூடியிருக்கிறது என்று என் கண் சொன்னது, நானே மூடியிருப்பேன் என்று மனசும் சொல்லிக்கொண்டது. எட்வின் சாரும் கிளம்புவதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். மூடித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காரை லாரியில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை காலை ஷெட்டில் நானும் தில்லியும்தான். அவன் வேறொரு காரின் கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் சாமானை மூட்டை கட்ட உட்கார்ந்தேன். ஏசி டப்பாவைத் தூக்கினேன். அடியில் நாலாவது தகடு கிடந்தது.

டப்பா கை நழுவிக் கீழே விழுந்தது. தில்லி ஓடிவந்தான்.

"இன்னாக்கா? கால்ல வுழுந்துச்சா?"

"சாருக்கு ஒரு போன் போட்டுக் குடு."

"எதுக்கு?"

"போடுப்பா சீக்கிரம்!"

அவன்தான் நம்பரைப் போட்டுக் கொடுத்தான். முதல் தபா எடுக்கவில்லை. இரண்டாவது தபா எடுத்தார். அந்தப் பக்கம் ஒரே கார் சத்தம்.

"யாரு?"

"சார், பச்சையம்மா."

"யாரு? கத்திப் பேசு, கேக்கல."

நான் வாழ்க்கையில் ஆம்பளைகளிடம் கத்திப் பேசினது இல்லை. அன்றைக்குக் கத்தினேன். "டாக்டரம்மா வண்டில ஒரு ஓட்ட அடைக்காம கீது சார்!"

"எல்லாம் பாத்தாச்சும்மா. இங்க செக் பண்றவங்களும் பாத்துட்டாங்க. வண்டி லைன்ல நிக்குது, இன்னும் பத்து நிமிசத்துல உள்ள வுடுவாங்க."

"அது டேப்பு சார். டேப்பு மேல பெயிண்ட்டு. தகடு இங்க என் கைல கீது!"

தகட்டைப் பார்த்தபடியே மறுபடி கத்தினேன்.

"கட்ட வெரலால அமுக்கிப் பாருங்க சார். கூண்டோட நடு குழாய்க்கு இடது பக்கம்."

போனை அணைக்காமலே போனார் போலிருக்கிறது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டாக்டரம்மா, "என்ன சார் இப்போ போய்?" என்று கேட்டது காதில் விழுந்தது. அப்புறம் சார் குரல் வந்தது, மெதுவாக.

"வெரலு உள்ள போயிடிச்சும்மா."

காரை வரிசையிலிருந்து வெளியே இழுத்துவிட்டார்கள். அங்கேயே ஒரு தகடு வெட்டி அடித்து முடிப்பதற்குள், ரேஸில் யார் எந்த இடத்தில் நிற்பது என்று பார்க்கிற தகுதிச் சுற்று முடிந்துவிட்டதாம். டாக்டரம்மா மறுநாள் கடைசி இடத்திலிருந்துதான் கிளம்பினார்.

நான் போனைத் திருப்பிக் கொடுத்தபோது தில்லி என் முகத்தையே பார்த்தான்.

"எந்த டேப்புக்கா? நான் ஒட்டின அத்தனியும் பிரிச்சேனே."

"அப்பால சொல்றேன் தில்லி," என்றேன்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் எட்வின் சார் எல்லோரையும் கூப்பிட்டார். நின்றபடியே, "பச்சையம்மா மட்டும் பாக்கலன்னா டாக்டரம்மா காலு போயிருக்கும். கண்ணுன்னா அது கண்ணு," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து அவர் தில்லியைப் பார்த்தார்.

"டேப்ப ஏம்ப்பா பிரிக்கல?"

"அது நான் ஒட்டல சார்."

"நீ ஒட்டல. அப்ப அது தானா வந்து ஒட்டிக்கிச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தில்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். என் முகத்துக்கு வந்ததும் கொஞ்சம் நின்றான். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஆடை படிந்திருந்தது.

வேலை போய்விடுமோ என்று பயந்தேன், அது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. இத்தனை வருஷமாக 'அடுத்தது' என்று மட்டுமே கேட்ட காதுக்கு அந்த நல்ல வார்த்தை இனிப்பாக இருந்தது. அதை உடனே திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் போய் நின்றேன்.

"சார், அந்த டேப்பு விசயம்..."

"அத வுடும்மா. முடிஞ்சி போச்சி. அடுத்தது."

சொல்ல வந்ததை அவர் தடுத்துவிட்டார் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. அவர் வாயை மூடச் சொல்லவில்லை. எனக்கு அது தப்பிக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

தில்லியை யாரும் திட்டவில்லை. பெயிண்ட் துப்பாக்கியை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவனுக்கு உப்புத்தாள் வேலையே கொடுத்தார்கள். டாக்டரம்மா ஒரு பெட்டி இனிப்போடு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எந்த விரலால அமுக்கச் சொன்னீங்க பச்சையம்மா?" என்று சிரித்தார். அந்தப் பெட்டியை நான்தான் எல்லோருக்கும் நீட்டினேன். தில்லியும் ஒன்று எடுத்துக்கொண்டான். மறு மாதம் அவன் நின்றுவிட்டான்.

அதற்கப்புறம் ஷெட்டில் ஓட்டைமேல் டேப் ஒட்டுகிற வழக்கத்தையே நிறுத்தினோம். மூடாத ஓட்டைக்குள் சிவப்புத் துணியைச் சுருட்டித் திணித்து, இரண்டு பக்கமும் ஒரு சாண் தொங்கவிட வேண்டும். எத்தனை கை பெயிண்ட் அடித்தாலும் தொங்குகிற துணி தகரம் ஆகாது. அது என் யோசனை. கார் கிளம்புவதற்கு முன்னால் எல்லாத் தகட்டையும் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிற பொறுப்பையும் எனக்குக் கொடுத்தார்கள். வேலையிலிருந்து நிற்கிறவரை அழுத்தினேன். இந்தக் கையில் ஒரு கார்கூட அதற்குப் பிறகு ஓட்டையோடு போனதில்லை. அதற்காக என்னை மதித்தார்கள். மதிக்கும்போதெல்லாம் உறுத்தும்.

தில்லியை ஒரே ஒரு தடவை வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பீரோ, கட்டில் செய்கிற கடையில் பெயிண்ட் அடிப்பதாகச் சொன்னான். கையெல்லாம் பச்சைப் பெயிண்ட்.

"நல்லா கீறியாக்கா? சார் நல்லா கீறாரா?"

"கீறாரு. இந்த வருசம் தென்னேரி ஏரி ரொம்பிடிச்சாமே," என்றேன். வேறு பேச்சு வாயில் வரவில்லை.

"ஆமா, கலங்கல்ல தண்ணி போவுது."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்போதும் கேட்கவில்லை. என் பஸ் வந்தது. கூட்டத்தில் என் அரிசிப் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "சீட்டு புடிக்கா, வுழுந்துடப் போற," என்றான். அவனிடமே சொல்ல அது ஒரு நேரம். அதையும் விட்டேன்.

ரேவதி, அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு இதைப் போடு. எட்வின் சாருக்கும் டாக்டரம்மாவுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பு. கோபித்தாலும் பரவாயில்லை. அச்சுக்குப் போவதற்கு முன்னால் நீ ஒரு தடவை வாலாஜாபாத் போய், பீரோ கடைகளில் தில்லிபாபு என்று விசாரித்து, இதை அவனிடம் முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும். எத்தனை வரிசை டேப், எந்தக் கிழமை, அவன் என்ன சொன்னான், யார் யார் சிரித்தார்கள் என்பதெல்லாம் என்னைவிட அவனுக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கும். நான் எழுதியதும் அவன் சொல்வதும் வேறாக இருந்தால், என்னுடையதை அடித்துவிட்டு அவன் சொல்வதை எழுதிக்கொள். டேப்பை ஒட்டியது பச்சையம்மா என்கிற இடத்தில் மட்டும் கை வைக்காதே.